பரலின் தோளில் பொறித்திருக்கும் வரி: அமிலத்துக்கும் குளோரினுக்கும் எந்தக் கலனை வாங்குவது?

புதுக்குடியிருப்பில் பற்றரிக் கராச் நடத்தும் ஒருவர், வவுனியாவுக்கு வெளியே கழிவறைச் சுத்திகரிப்புத் திரவமும் வெளிற்றும் திரவமும் தயாரிக்கும் பெண்கள் கூட்டுறவுக் குழு, மாங்குளத்திலிருந்து உள்ளே செல்லும் கிறவல் வீதியின் முடிவில் ஒரு கிராமத்தின் நீர் வழங்கலைப் பராமரிக்கும் குழு ஆகிய மூன்று தரப்பினரும் அண்மையில் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பழைய நீலப் பரலும் பழைய கானும் மலிவாகக் கிடைக்கும்போது, தோளில் ஏதோ எழுத்தும் இலக்கமும் பொறித்த புதிய கலனுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமா என்பதே அது. கராச்காரர் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டார்: “பழைய கானிலும் அந்த எழுத்து இருக்கிறதே, அண்ணை?”

அவருடைய அந்தச் சேர்க்கைதான் இக்கட்டுரைக்குக் காரணம். எழுத்து இருக்கிறதா என்று பார்க்கப் பலர் பழகிவிட்டார்கள். அது எந்தப் பொருளுக்கு, எவ்வளவு பாரத்துக்கு, எந்த ஆண்டு வரைக்கும் சான்று சொல்கிறது என்று வாசிப்பவர்கள் குறைவு. கிளிநொச்சியில் இத்தகைய பொருட்களை வாங்கி விற்கும் ஒரு சிறு களஞ்சியத்தில் நெடுங்காலம் சரக்குப் பார்த்தவன் என்ற முறையில், வாசிக்காமல் வாங்கியதன் விலையை நானும் கொடுத்திருக்கிறேன்.

## அந்த வரியை வாசிக்கும் முறை

கலனின் தோளிலோ அடியிலோ ஒரு சிறு வட்டமும், அதற்குள் ஆங்கிலத்தில் ‘யூ’ மேலும் ‘என்’ கீழுமாக இரண்டு எழுத்துகளும் இருக்கும். அதைத் தொடர்ந்து சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒரு வரி வரும். கலனில் ஆங்கில எழுத்துகளாக இருப்பவற்றை நான் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, ஒரு கானில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

3எச்1 / வை1.9 / 200 / 24 / ஐஎன்டி / உற்பத்தியாளரின் குறி

வன்னியில் ‘யூ என்’ என்ற எழுத்துகளைக் கண்டதும் தறப்பாளும் நிவாரணக் கூடாரமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இந்தக் கலனை ஐக்கிய நாடுகள் சபை சோதிக்கவும் இல்லை, தரவும் இல்லை. ஆபத்தான பொருட்களை ஏற்றிச் செல்வதற்கான பொது விதிமுறைகளை அச்சபையின் நிபுணர் குழு வகுக்கிறது. அவை முதலில் வெளிவந்தது 1956ஆம் ஆண்டில். கடல்வழிப் போக்குவரத்துக்கான சர்வதேச விதிகளும் வான்வழி விதிகளும் அவற்றைத் தழுவியே எழுதப்பட்டுள்ளன. சான்றளிப்பது அந்தந்த நாட்டின் அதிகாரசபை. அந்த நாடு எது என்பதைத்தான் வரியின் இறுதிப் பகுதியில் வரும் எழுத்துகள் காட்டுகின்றன. வாகனங்கள் நாடு கடக்கும்போது பின்புறத்தில் ஒட்டும் நாட்டு அடையாளமே இங்கும் பயன்படுகிறது: ‘ஐஎன்டி’ என்றால் இந்தியா, ‘என்எல்’ என்றால் நெதர்லாந்து. இலங்கைக்கு உரியது ‘சிஎல்’. 1972இல் நாட்டின் பெயர் மாறிய பிறகும் இந்த அடையாளத்தில் சிலோன் தங்கிவிட்டது.

முதல் இலக்கம் கலனின் வகை: 1 பரல், 3 கான், 4 பெட்டி, 5 பை, 6 ஒன்றுக்குள் ஒன்றாக இணைத்த கலன். அடுத்த எழுத்து கலன் செய்யப்பட்ட பொருள்: ஏ என்றால் உருக்கு, பி அலுமினியம், ஜி மட்டை, எச் பிளாஸ்ரிக், எம் பல அடுக்குக் காகிதம். பரலிலும் கானிலும் அதற்குப் பின் வரும் 1, மேற்பாகம் கழற்ற முடியாத மூடிய கலனையும், 2, மேற்பாகம் முழுவதும் திறக்கும் அகன்ற வாய்க் கலனையும் குறிக்கும். ஆகவே 3எச்1 என்பது மூடிய பிளாஸ்ரிக் கான், 1எச்2 என்பது வாய் அகன்ற பிளாஸ்ரிக் பரல், 1ஏ1 என்பது மூடிய இரும்புப் பரல்.

அடுத்து வரும் எழுத்தும் எண்ணும் மிக முக்கியமானவை. ஆபத்தான பொருட்கள் அவற்றின் கொடுமைக்கு ஏற்ப மூன்று பொதிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதலாம் குழு மிகக் கொடியது. எக்ஸ் என்ற எழுத்துள்ள கலன் மூன்று குழுக்களுக்கும், வை உள்ளது இரண்டாம், மூன்றாம் குழுக்களுக்கும், இசட் உள்ளது மூன்றாம் குழுவுக்கு மட்டும் உரியது. நீரின் பாரத்தை ஒத்த திரவங்களுக்கான விழுத்திச் சோதிக்கும் உயரம் முறையே 1.8 மீற்றர், 1.2 மீற்றர், 0.8 மீற்றர். லொறியின் தட்டிலிருந்து நிலத்துக்கு உள்ள உயரத்தை மனத்தில் கொண்டால், ‘வை’க்கும் ‘இசட்’டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் எழுத்து வேறுபாடு அல்ல என்பது புரியும்.

‘வை’க்குப் பின்னால் உள்ள 1.9, அந்தக் கலன் தாங்கும் திரவத்தின் சார்படர்த்தி, அதாவது நீரைவிட எத்தனை மடங்கு பாரமான திரவத்துக்கு அது சோதிக்கப்பட்டது என்பது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்த எண் 1.2ஐத் தாண்டாவிட்டால் அதை எழுதாமல் விடலாம் என்று விதி அனுமதிக்கிறது. எண் இல்லாத கலனைக் கண்டால், அது எதையும் தாங்கும் என்று எண்ணாமல், 1.2 வரைதான் தாங்கும் என்று கொள்ள வேண்டும். முழுமையாக ஏற்றிய பற்றரியின் அமிலம் ஏறத்தாழ 1.28, ஐம்பது வீதக் கோஸ்ரிக் சோடாக் கரைசல் 1.5க்குச் சற்று மேல். செறிந்த சல்பூரிக் அமிலம் 1.84. இவற்றில் ஒன்றுகூட 1.2க்குள் அடங்காது.

அடுத்த 200, கிலோபஸ்காலில் தரப்பட்ட நீர் அழுத்தச் சோதனை அளவு. அந்த இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ‘எஸ்’ என்ற எழுத்து இருந்தால், கலன் திண்மப் பொருளுக்கோ உள்ளே போத்தல் வைத்து அடைப்பதற்கோ மட்டுமே சோதிக்கப்பட்டது என்று பொருள். அப்போது எக்ஸ், வை, இசட்டை அடுத்து வரும் எண்ணின் பொருளும் மாறிவிடும்: ‘1எச்2/வை150/எஸ்’ என்பதில் 150 என்பது அடர்த்தியும் அல்ல, லீற்றரும் அல்ல, கலனோடு சேர்த்த உச்ச நிறை 150 கிலோகிராம். எங்கள் பக்கம் வந்துசேரும் அகன்ற வாய் நீலப் பரல்களில் ‘எஸ்’ பொறித்தவற்றை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவற்றுக்குள் திரவ அமிலம் ஊற்றியிருந்ததையும் கண்டிருக்கிறேன்.

இறுதியாக 24 என்பது உற்பத்தி ஆண்டு. பிளாஸ்ரிக் பரலுக்கும் கானுக்கும் மாதமும் காட்டப்பட வேண்டும். அது பெரும்பாலும் மணிக்கூட்டு முகம்போன்ற ஒரு வட்டமாகவும், பன்னிரண்டு எண்களில் ஒன்றைச் சுட்டும் அம்புக்குறியாகவும் தனியாக வார்க்கப்பட்டிருக்கும்.

இந்த வரியோடு குழப்பிக்கொள்ளப்படும் வேறு அடையாளங்களும் உண்டு. நாலிலக்க ‘யூ என்’ எண், எடுத்துக்காட்டாகப் பற்றரி அமிலத்துக்குரிய 2796, வெளிற்றும் திரவமான ஹைப்போகுளோரைற்றுக் கரைசலுக்குரிய 1791, உள்ளே இருக்கும் பொருளின் பெயர். கலனைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. முக்கோணத்துக்குள் உள்ள 2, பிளாஸ்ரிக்கின் இனத்தைச் சொல்வது. இவை எதுவும் மேலே சொன்ன வரிக்கு ஈடாகா.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

முதல் அளவுகோல், பொருளும் கலனும் ஒன்றையொன்று தாக்காதிருத்தல். குறியீடு இதற்கு உறுதி தருவதில்லை என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். எக்ஸ் பொறித்த மிகச் சிறந்த இரும்புப் பரலையும் ஹைப்போகுளோரைற்று அரித்துவிடும்; இந்தப் பொருத்தத்தைப் பார்க்கும் பொறுப்பு நிரப்புபவருடையது. இரண்டாவது, பொதிக் குழுவும் அடர்த்தியும். பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாளில் போக்குவரத்துக்கான பகுதியில் குழு எழுதப்பட்டிருக்கும். தாளைத் தராத விற்பனையாளரிடம் அமிலம் வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது, மூடி. சோதனையில் தேறியது கலனும் அதற்குரிய மூடியும் வோஷரும் சேர்ந்த ஒரு தொகுதி. மூடியை மாற்றினால் பொறித்த வரி பொய்யாகிவிடும். நான்காவது, வயது. பிளாஸ்ரிக் பரலையும் கானையும் ஆபத்தான பொருட்களை ஏற்றிச் செல்வதற்கு உற்பத்தித் திகதியிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கே பயன்படுத்தலாம். சில பொருட்களுக்கு அதனிலும் குறைவு, 55 வீதத்துக்கு மேற்பட்ட நைத்திரிக் அமிலத்துக்கு இரண்டே ஆண்டுகள். 2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற நாட்களில் வன்னியில் வீடு தோறும் கான்கள் சேர்ந்தன. அவற்றின் மணிக்கூட்டு வட்டத்தைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றுக்குத் தவணை முடிந்திருக்கும், அல்லது முடியப்போகிறது.

ஐந்தாவது, வழியும் தூக்கும் கையும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் உற்பத்தி செய்த காலத்தில் இப்பொருட்கள் எங்கள் வாசலிலேயே பிறந்தன. போரினால் அது ஓய்ந்த பின்னர் எங்கள் களஞ்சியத்துக்கு வந்தவை எல்லாம் ஏ9 வீதியால் நெடுந்தூரம் வெயிலில் வந்தவையே. பெருந்தெருவில் குலுக்கம் இல்லை. மாங்குளத்திலோ பரந்தனிலோ திரும்பி உள்வீதியில் இறங்கிய பின்னர்தான் அடுக்கிய கலன்கள் ஒன்றோடொன்று உராயத் தொடங்குகின்றன. இறக்குவதற்குப் பாரந்தூக்கி கிடையாது, இரண்டு பேரின் கைகள்தான் உண்டு.

## புதிய மூடிய பிளாஸ்ரிக் கான் (3எச்1)

இருபது முதல் முப்பது லீற்றர் வரையான இந்தக் கான், வன்னியின் சிறு தொழிலுக்கு என் முதல் தெரிவு. இது செய்யப்படும் உயரடர்த்தி பொலிஎத்திலீன் என்ற பிளாஸ்ரிக், பற்றரி அமிலத்தையும் கோஸ்ரிக் கரைசலையும் ஹைப்போகுளோரைற்றையும் தாங்கும். 25 லீற்றர் பற்றரி அமிலம் 32 கிலோகிராம். ஒருவர் சிரமத்தோடும் இருவர் இலகுவாகவும் இறக்கலாம். ஒன்று வெடித்தாலும் இழப்பு அந்த ஒன்றோடு முடியும்.

வாங்கும்போது பற்றரி அமிலத்துக்கு வை1.3 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கலனில் பொறிக்கும்போது அடர்த்தி கீழ்நோக்கியே முழுமையாக்கப்பட்டாலும், 1.2 என்று பொறித்த கான் 1.28ஐத் தாங்கக்கூடும் என்ற வாதத்துக்கு இடமில்லை. ஐம்பது வீதக் கோஸ்ரிக் கரைசலுக்கு 1.6 என்று தேடுங்கள், 1.9 கிடைத்தால் இரண்டுக்கும் போதும், ஒரே வகைக் கானை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு மூடியில்தான் இருக்கிறது. ஹைப்போகுளோரைற்று நிற்கும்போதே மெல்லச் சிதைந்து ஒட்சிசனை வெளிவிடும்; வெப்பம் ஏற ஏறச் சிதைவும் விரையும். அதனால்தான் இரண்டாம் குழுவில் அடங்கும் ஹைப்போகுளோரைற்றுக் கரைசலுக்கு வாயு வெளியேறும் மூடி கட்டாயம் என்று விதி சொல்கிறது. ஒரு சித்திரை மாதத்தில் எங்கள் களஞ்சியத்துக்கு வந்த தொகுதி ஒன்றில் யாரோ வழியில் சிந்தாமலிருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு அந்த மூடிகளைக் கழற்றிச் சாதாரண மூடிகளை இறுக்கியிருந்தார். நான்காம் நாள் கான்கள் பூசணிக்காய் போல் ஊதி நின்றன. ஒன்றின் அடி வெடித்துச் சீமெந்துத் தரை முழுவதும் வெளிறியது. கானின் குறியீட்டில் குறையேதும் இருக்கவில்லை. வாயு வெளியேறும் மூடி இருக்கும் கானைப் படுக்கவைக்க முடியாது என்பதும், அதனால் லொறியில் இடம் கூடுதலாகத் தேவைப்படும் என்பதும் கணக்கில் சேர்க்க வேண்டியவை.

நிரப்பும்போது விளிம்பு வரை நிரப்பக் கூடாது. 55 பாகை செல்சியசில்கூடத் திரவம் கலனை முழுவதும் நிறைத்துவிடக் கூடாது என்பது விதி. தறப்பாள் மூடிய லொறிக்குள் வைகாசி வெயிலில் நின்றவர்களுக்கு இந்த எண் மிகையாகத் தோன்றாது.

## வாய் அகன்ற பிளாஸ்ரிக் பரல் (1எச்2)

இறுக்கு வளையம் போட்ட இந்தப் பரல் தூளுக்கும் செதிலுக்கும் உரியது. கிணறுகளுக்குப் போடும் குளோரின் தூள், பையைத் திறந்த பின் மிஞ்சும் கோஸ்ரிக் செதில் ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. கோஸ்ரிக் செதில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும். மாரி தொடங்கிய பின் திறந்த பையை வாய் மடித்துக் கட்டி வைப்பவர்கள் இதை அறிவார்கள்.

குளோரின் தூளுக்கு வளையம் ஒரு பலவீனம். தூளிலிருந்து கசியும் குளோரின் வாயு இரும்பு வளையத்தைத் துருவாக்கும், துருப்பிடித்த வளையம் இறுக்காது, இறுக்காத மூடியால் ஈரம் உள்ளே போகும், ஈரம் போன தூள் வலுவிழக்கும். பிளாஸ்ரிக் வளையமோ பூச்சு நன்றாக உள்ள வளையமோ பார்த்து வாங்குங்கள். இன்னொன்று: குளோரின் தூளை மண்ணெண்ணெய், எண்ணெய், அமிலம் ஆகிய எதுவும் பட்ட கலனில் போடவே கூடாது. எண்ணெயோடு அது தீப்பற்றக்கூடும். அமிலத்தோடு குளோரின் வாயுவைக் கக்கும்.

‘எஸ்’ என்ற எழுத்தை இங்கே மறுபடியும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. திரவத்துக்கும் சோதிக்கப்பட்ட 1எச்2 பரல்கள் உண்டு; அவற்றில் எஸ் இருக்காது, அழுத்த எண் இருக்கும்.

## இரும்புப் பரல் (1ஏ1)

இருநூறு லீற்றர் இரும்புப் பரல் எரிபொருளுக்கும் எண்ணெய்க்கும் கரைப்பான்களுக்கும் உரிய கலன். பெற்றோல் இரண்டாம் குழு, டீசலும் மண்ணெண்ணெயும் மூன்றாம் குழு. மூன்றும் நீரை விட இலேசானவை என்பதால் அடர்த்தி எண் தொல்லை கொடுக்காது. பற்றரி அமிலத்துக்கும் ஹைப்போகுளோரைற்றுக்கும் இது அறவே ஆகாது. செறிந்த சல்பூரிக் அமிலத்தை மெல்லுருக்கில் வைக்க முடியும், நீர் கலந்த அமிலத்தை வைக்க முடியாது என்பது பலரை வழி தவறச் செய்யும் உண்மை. கொழும்பில் இரும்புத் தாங்கியில் அமிலம் கண்டேன் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் கண்டது செறிந்த அமிலத்தையே.

இதன் சிறப்பு, முறைப்படி மறுசீரமைத்து மீளப் பயன்படுத்தலாம் என்பது. நூறு லீற்றருக்கு மேற்பட்ட இரும்புப் பரலின் அடியில் தகட்டின் தடிப்பு மில்லிமீற்றரில் அழியாதபடி அழுத்திப் பொறிக்கப்பட்டிருக்கும், ‘1.0-1.2-1.0’ என்றிருந்தால் மேற்தலை, உடல், அடித்தலை என்று பொருள். மறுசீரமைத்தவர் தன் நாட்டின் அடையாளம், தன் பெயர், ஆண்டு ஆகியவற்றோடு ‘ஆர்’ என்ற எழுத்தையும், கசிவுச் சோதனை செய்திருந்தால் ‘எல்’ என்ற எழுத்தையும் சேர்த்துப் பொறிக்க வேண்டும். பெயின்ற் அடித்துப் புதிதாக்கிய பரலில் இந்த ‘ஆர்எல்’ இல்லையென்றால், அது மறுசீரமைப்பு அல்ல, பெயின்ற் மட்டுமே.

## பழைய நீலப் பரலும் பழைய கானும்

மலிவு என்பது உண்மை. மறைந்திருக்கும் செலவுகளை எழுதினால் பட்டியல் நீளும். முன்பு உள்ளே என்ன இருந்தது என்பது தெரியாது. கழுவாத வெற்றுக் கலன், நிரம்பிய கலனுக்குரிய ஆபத்தோடு நடத்தப்பட வேண்டியது என்பதுதான் விதி. கழுவினால் கழுவிய நீரை எங்கே ஊற்றுவது என்ற கேள்வி எழுகிறது. குளக்கட்டுக்குக் கீழே கிணறுகளை நம்பி வாழும் ஊர்களில் அது சிறிய கேள்வி அல்ல. மூல மூடி பெரும்பாலும் இருக்காது. வயது முடிந்திருக்கும், அல்லது மணிக்கூட்டு வட்டம் தேய்ந்து படிக்க முடியாமல் இருக்கும். வெயிலில் கிடந்த பிளாஸ்ரிக் வெளியே நிறம் மங்கியும் உள்ளே நொய்ந்தும் போயிருக்கும். விரலால் தேய்க்கும்போது வெள்ளைத் தூள் வந்தால் அதற்கு மேல் சோதிக்கத் தேவையில்லை.

கராச்காரரின் கேள்விக்கும் இங்கேதான் பதில். பழைய கானில் உள்ள எழுத்து, அந்தக் கான் புதிதாக, தன் சொந்த மூடியோடு, குறித்த பொருளுக்குப் பொருத்தமாக நிரப்பப்பட்டபோது உண்மையாக இருந்தது. எழுத்து அழியாததனால் அது இப்போதும் உண்மை என்று ஆகாது. அப்படியானால் பழைய கலனுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. ஒரே விற்பனையாளரிடம் அதே பொருளை நிரப்புவதற்காகத் திரும்பிச் சென்று வரும் கான், ஐந்து ஆண்டுக்குள் இருந்து, ஒவ்வொரு முறையும் விரிசலும் மூடியும் பார்க்கப்பட்டால், புதிய கானுக்கு அடுத்த இடத்தில் வைக்கத் தக்கது, பணமும் மிச்சம். முன்பு உணவுப் பொருள் இருந்ததென்று உறுதியாகத் தெரிந்த நீலப் பரல் மழைநீருக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் நல்ல கலன். அமிலத்துக்கு அல்ல.

## மட்டைப் பெட்டிக்குள் போத்தல்கள் (4ஜி)

சிறு போத்தல்களில் விற்பவர்களுக்கு இது. பெட்டியில் ‘4ஜி/வை20/எஸ்’ என்பது போல் இருக்கும். 20 என்பது பெட்டியோடு சேர்த்த உச்ச நிறை. குறித்த போத்தல், குறித்த மூடி, குறித்த இடைமட்டை, குறித்த ஒட்டு நாடா ஆகியவற்றோடு சோதித்த பெட்டி இது. போத்தலை மலிவான வேறொன்றாக மாற்றினால் சான்று தளர்ந்துவிடும். ஆகவே பெட்டியின் விலையோடு, ஒரே போத்தலைத் தொடர்ந்து வாங்கும் கட்டாயத்தின் விலையையும் சேர்க்க வேண்டும்.

இங்கே பலர் அறியாத ஒரு வாசல் உண்டு. வரையறுத்த சிறு அளவுகளில் அடைக்கப்பட்ட பொருட்களுக்கு இந்தக் குறியீடு கொண்ட பெட்டியே தேவையில்லை. மேல், கீழ் மூலைகள் கறுப்பாகவும் நடு வெள்ளையாகவும் உள்ள சாய்சதுர அடையாளம் அதற்குரியது. ஹைப்போகுளோரைற்றும் பற்றரி அமிலமும் போன்றவற்றில் இரண்டாம் குழுவாயின் ஒரு போத்தல் ஒரு லீற்றரையும், மூன்றாம் குழுவாயின் ஐந்து லீற்றரையும் தாண்டக் கூடாது. முழுப் பொதியும் 30 கிலோகிராமுக்குள் இருக்க வேண்டும். பெட்டி உறுதியாகவும் போத்தல் பொருளுக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும் என்ற கடமை நீங்குவதில்லை. நீங்குவது சான்று பெற்ற பெட்டிக்கான செலவு.

## ஒரே பார்வையில்

| கலன் | பொருந்தும் பொருள் | பார்க்க வேண்டிய குறி | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| புதிய கான், 3எச்1 | பற்றரி அமிலம், கோஸ்ரிக் கரைசல், ஹைப்போகுளோரைற்று | வை, 1.3 அல்லது மேற்பட்ட எண் (கோஸ்ரிக் கரைசலுக்கு 1.6), மாத வட்டம் | வாயு வெளியேறும் மூடி, ஐந்தாண்டுத் தவணை |
| அகன்ற வாய்ப் பரல், 1எச்2 | குளோரின் தூள், கோஸ்ரிக் செதில் | எஸ், உச்ச நிறை | துருப்பிடிக்கும் வளையம் |
| இரும்புப் பரல், 1ஏ1 | எரிபொருள், எண்ணெய் | தகட்டுத் தடிப்பு, ஆர்எல் | இறக்கும் வசதி, வெற்றுப் பரலை அனுப்பும் கூலி |
| பழைய பரல், கான் | அதே பொருள், அதே விற்பனையாளர் | ஆண்டு, மூல மூடி | கழுவிய நீர், முன்பிருந்த பொருள் |
| பெட்டியும் போத்தலும், 4ஜி | சில்லறை விற்பனை | எஸ், உச்ச நிறை | மாற்ற முடியாத போத்தல் |

## மூவருக்கும் என் பதில்

புதுக்குடியிருப்புக் கராச்சுக்கு: 25 லீற்றர் 3எச்1 கான், வை1.3 அல்லது அதற்கு மேல். நான்கு கான்களைச் சொந்தமாக வாங்கி, ஒரே விற்பனையாளரோடு மாற்று முறைக்கு உடன்படுங்கள். இரண்டு நிரப்பப் போகும்போது இரண்டு கராச்சில் நிற்கும். ஒவ்வொன்றின் உடலிலும் அழியாத மையால் தவணை முடியும் மாதத்தைப் பெரிதாக எழுதுங்கள். கானின் குறியீடு சிறிய எழுத்து. முப்பது லீற்றர் வரையான கலனுக்கு ஆறு மில்லிமீற்றர் உயரம் போதும் என்று விதி சொல்வதால், கராச்சின் மங்கிய வெளிச்சத்தில் யாரும் அதைத் தேடப் போவதில்லை.

வவுனியாக் குழுவுக்கு: உள்ளே வரும் ஹைப்போகுளோரைற்றை வாயு வெளியேறும் மூடி போட்ட 3எச்1 கானிலேயே வாங்குங்கள், இருநூறு லீற்றர்ப் பரலில் மலிவாகத் தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அதைச் சரித்து ஊற்ற உங்களிடம் வசதி இல்லை, பாதி வரை இறங்கிய பரலில் கரைசல் வலுவிழந்துகொண்டிருக்கும். வெளியே போகும் ஒரு லீற்றர்ப் போத்தல்களுக்குச் சான்று பெற்ற பெட்டி வாங்கப் பணம் செலவிடாமல், வரையறுத்த அளவுக்கான அடையாளத்தோடு உறுதியான சாதாரணப் பெட்டியில் அனுப்புங்கள். கழிவறைத் திரவம் அமிலம், வெளிற்றும் திரவம் ஹைப்போகுளோரைற்று. ஒரே கடைக்குப் போகும் கட்டளை என்பதற்காக இரண்டையும் ஒரே பெட்டியில் அடுக்கினால், ஒரு போத்தல் உடைந்தாலும் பெட்டிக்குள் குளோரின் வாயு பிறக்கும். பெட்டியின் நிறத்தையே வேறாக்கிவிட்டால் அடுக்கும் பிள்ளைகளுக்கும் இலகு.

மாங்குளத்துக் குழுவுக்கு: குளோரின் தூளுக்காக, அறுபது லீற்றருக்குக் குறைந்த, எஸ் பொறித்த, பிளாஸ்ரிக் வளையமுள்ள 1எச்2 பரல் இரண்டு. ஒன்று போதுமே என்று கேட்பீர்கள். பழைய தூளின் மேல் புதிய தூளைக் கொட்டாமலிருக்கத்தான் இரண்டு. நீர்த்தாங்கிக்கு அருகிலுள்ள கொட்டிலில், பம்பிக்கான டீசல் கான் நிற்கும் மூலைக்கு எதிர் மூலையில், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். டீசல் கானை அங்கிருந்து அகற்ற முடிந்தால் அது இன்னும் நல்லது.